முப்பது மதிப்பெண்ணும் எழுத்தறியா முதியவரும்

முதியோரின் நினைவாற்றல், கவனம், மொழி, கால இட உணர்வு ஆகியவை குன்றத் தொடங்குவதைத் தொடக்கத்திலேயே உணர்த்தும் வடிகட்டுச் சோதனைகளில், அதாவது நோயை உறுதிசெய்யாமல் மேற்பரிசோதனை யாருக்குத் தேவை என்று மட்டும் காட்டும் சோதனைகளில், 1975இல் அமெரிக்க மருத்துவர்களான மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ ஆகியோர் வெளியிட்ட 30 மதிப்பெண் வினாத்தாளே உலகெங்கும் மிகுதியாகப் பரவியது. பத்து நிமிடங்களில் முடிந்துவிடும் அதன் சுருக்கம் மருத்துவருக்கு வசதியாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போவது, எழுதப்பட்ட கட்டளையைப் படித்து அதன்படி செய்வது, ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுவது போன்றவை பள்ளி சென்றவரை மனத்தில் கொண்டு அமைந்தவை என்பதால், 24க்குக் கீழே பெற்றவரை ஐயத்துக்குரியவராகக் கருதும் வழக்கம் படிக்காதவருக்கு அநீதியாகவே முடிந்தது. இக்குறையை உணர்ந்து, அரியானாவின் பல்லப்கர் வட்டாரத்தில் ஆய்வு நடத்திய இந்திய-அமெரிக்கக் குழுவினர், பெரும்பாலும் எழுத்தறியாத கிராமத்து முதியோருக்கென உருவாக்கிய இந்தி வடிவம் 1995இல் வெளியானது. அதில் கட்டளையைப் படிப்பதற்கு மாறாக, ஆய்வாளர் கண்களை மூடிக் காட்ட முதியவரும் அவ்வாறே செய்ய வேண்டும். எழுதுவதற்கு மாறாகத் தம் வீட்டைப் பற்றி வாய்மொழியாக ஏதேனும் சொன்னால் போதும். மங்கும் நினைவையும் கிட்டாத கல்வியையும் பிரித்தறிய முயன்ற இப்பணி, மொழிபெயர்ப்பு என்ற பெயருக்குள் அடங்காதது. மூல வினாத்தாளை ஆக்கியதைவிட எளியதும் அன்று.