பேரேட்டில் இருக்கும் அப்பா பெயர்

கணக்குத் திறக்க வருபவர்களுக்கு கே.ஒய்.சி. படிவத்தைக் கண்டாலே எரிச்சல். அப்பா பெயர் எதற்கு, பிறந்த ஊர் எதற்கு என்பார்கள். இங்கே நாக்பூரில் நம்ம ஊர்க்காரர்கள் கூடுதலாக, "எந்த அட்ரஸ் சார், திருநெல்வேலியா, இங்கத்ததா?" என்பார்கள். இதே மாதிரி ஒரு படிவம் பல ஆயிரம் குடும்பங்களுக்கு வம்ச வரலாறாகிப்போன கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு.

உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 3 அன்று, லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்தது ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் சேமிப்புக்கான வங்கி. ஐந்து சென்ட் இருந்தாலும் போடலாம்.

டெபாசிட் போட்டவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. கையெழுத்தை ஒப்பிட்டு ஆளை அடையாளம் காண முடியாதே! அதனால் குமாஸ்தா கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்: பிறந்த இடம், பழைய எஜமானர், தோட்டத்தின் பெயர், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள். விற்கப்பட்டுப் பிரிந்துபோன உறவுகளைப் பற்றிய குறிப்புகளும் சில பக்கங்களில் உண்டு.

இதன் அருமை தெரிய, 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். எஜமானர் பெயர் இருக்கும். அதன் கீழே அடிமைகளின் வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். பெயர் அபூர்வம். நாம் எழுதும் ஸ்டாக் ரிஜிஸ்டரேதான். 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முன்னால் தேடுகிற பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பேரேடுகள் பெரிய துணை.

வங்கி என்னவோ பிழைக்கவில்லை. 1870-ல் சட்டத்தைத் திருத்தி, நில அடமானத்தின் பேரில் கடன் கொடுக்க அனுமதித்தார்கள் (அங்கேதான் கோட்டைவிட்டார்கள் என்பேன்). 1873 நிதி நெருக்கடி மிச்சத்தை முடித்தது. அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸை 1874 மார்ச்சில் தலைவராக்கினார்கள். சொந்தப் பணம் 10,000 டாலரை வங்கிக்குக் கடனாகக் கொடுத்தும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஜூன் மாதம் ஷட்டர் இறங்கியபோது 61,144 பேரின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் உள்ளே இருந்தது. பாதிப் பேருக்குத்தான் ஒரு பகுதியாவது திரும்பி வந்தது. அரசாங்க வங்கி என்று நம்பிப் போட்ட பணம் அது.

2016-ல் வாஷிங்டனில் அந்த வங்கி இருந்த இடத்திலுள்ள கருவூலக் கட்டடத்துக்கு வங்கியின் பெயரை வைத்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. யூட்டா மாநிலச் சிறைக் கைதிகள் தாமாக முன்வந்து, 11 வருஷம் உட்கார்ந்து, பேரேடுகளிலிருந்து 4,80,000 பெயர்களைத் தொகுத்தார்கள். 2001-ல் அது குறுந்தகடாக வெளிவந்தது. இப்போது இணையத்திலும் தேடலாம். வீட்டில் ஹைஸ்கூல் பிள்ளைகள் இருந்தால் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பல பக்கங்களில் ஒரு பெருக்கல் குறிதான் இருக்கும்.