ஒரு மசோதாவின் 27 ஆண்டுப் பயணம்

மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 1996 செப்டம்பர் 12 அன்று மக்களவைக்கு வந்தது. தேவகவுடா அரசு கொண்டுவந்த 81ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா அது. எதிர்ப்புக் குரல்கள் எழவே, இரு அவைகளின் கூட்டுக்குழுவிடம் ஒப்படைத்தார்கள். இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கீதா முகர்ஜி தலைவர். சுஷ்மா சுவராஜ், மம்தா பானர்ஜி, நிதீஷ் குமார் போன்றோர் உறுப்பினர்கள்.

குழு அறையில் கொறடாவின் உத்தரவு செல்லாது. மசோதாவைப் பிரிவு பிரிவாகப் புரட்டிப் பார்த்தார்கள். மூன்று தொகுதிகளுக்கும் குறைவாக உள்ள மாநிலத்துப் பெண்கள் என்ன ஆவார்கள்? டெல்லி சட்டமன்றம் ஏன் விடுபட்டது? "மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல்" என்றிருந்ததை "இயன்றவரை மூன்றில் ஒரு பங்கு" என மாற்றச் சொன்னார்கள். 15 ஆண்டுக் கால வரம்பும் வைத்தார்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உள் ஒதுக்கீட்டை உரிய நேரத்தில் அரசு பரிசீலிக்கட்டும் என்றது குழு. அதை இப்போதே தர வேண்டும் என்று மாறுபட்டார் நிதீஷ் குமார். டிசம்பரில் அறிக்கை தயார்.

அவை கலைந்தது, மசோதா காலாவதியானது. 1998இல் சட்ட அமைச்சர் தம்பிதுரை மீண்டும் கொண்டுவந்தபோது, அவையிலேயே நகலைக் கிழித்தெறிந்தார்கள். 1999இல் இன்னொரு முயற்சியும் வீணானது.

2008இல் மாநிலங்களவையில் மறுபடி நுழைந்தது. கீதா முகர்ஜி குழுவின் ஏழு பரிந்துரைகளில் ஐந்து அதில் இடம்பெற்றிருந்தன. இம்முறை அறிக்கை தந்தது தமிழகத்தைச் சேர்ந்த ஜெயந்தி நடராஜன் தலைமையிலான நிலைக்குழு. சமாஜ்வாதி உறுப்பினர்கள் மறுப்புக் குறிப்பு எழுதினர். நிறைவேற்றலாம் என்றது பெரும்பான்மை. 2010 மார்ச் 9 அன்று 186 வாக்குகள் ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. ஆனால் மக்களவையில் அது எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. 2014இல் மறுபடி காலாவதி.

2023 செப்டம்பர் 19 அன்று புதிய மசோதா அறிமுகமானது. எந்தக் குழுவுக்கும் போகாமல் மூன்றே நாளில் இரு அவைகளையும் கடந்து 106ஆவது திருத்தமானது. கூட்டுக்குழு திருத்திய வாசகமும் 15 ஆண்டு வரம்பும் அதில் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தது ஒரு நிபந்தனை: அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதையொட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு. அதனால் 2024 தேர்தல் ஒதுக்கீடின்றியே நடந்தது. 543 பேரில் பெண்கள் 74 பேர்தான்.

குழு அலசிய பகுதிகள் இன்று சட்டமாக நிற்கின்றன. பெண்களைக் காக்க வைத்த நிபந்தனையை எந்தக் குழுவும் அலசவில்லை. அரசமைப்பைத் திருத்தும் ஒவ்வொரு மசோதாவும் குழுவின் கைக்குப் போய் வர வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.