எலப்புள்ளி மாணவருக்கு எந்த மடிக்கணினி? அரசுக் கொள்முதல்களின் வரலாறு சொல்வது

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் இருக்கும் எலப்புள்ளி, இரண்டு மாநிலங்களின் கல்விக் கொள்கைகளையும் அருகிருந்து பார்க்கும் ஊர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை இப்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் குடும்பங்களும் தமிழ்வழி வகுப்புகளும் இன்றும் உண்டு. பட்டப்படிப்புக்குப் பாலக்காடு செல்வோரும் இருக்கிறார்கள். வாளையாற்றைத் தாண்டிக் கோயம்புத்தூர் செல்வோரும் இருக்கிறார்கள். இருசாராரின் வீட்டிலும் சேர்க்கை முடிந்த கையோடு எழும் கேள்வி ஒன்றே: எவ்வளவு விலையில் எந்த மடிக்கணினி வாங்குவது?

கடைக்காரர் இதற்கு விலைப்பட்டியலைக் காட்டி விடை சொல்வார். ஆனால், குறைந்த செலவில் மாணவர் கையில் கணினி சேர்ப்பது எப்படி என்பது கடந்த இருபது ஆண்டுகளாக அரசுகளே பொதுப்பணத்தைக் கொண்டு சோதித்துப் பார்த்த கேள்வி. அந்தச் சோதனைகளின் விளைவுகள் பெரும்பாலும் பதிவாகியுள்ளன. அவற்றைக் கவனிக்காமல் ஒவ்வொரு குடும்பமும் புதிதாகச் சூடு பட்டுக்கொள்வதுதான் வியப்பு.

விலையை முதலில் முடிவுசெய்துவிட்டுக் கருவியை அதற்குள் அடக்க முயன்ற திட்டங்களிலிருந்து தொடங்கலாம். 2005இல் நிக்கோலஸ் நெக்ரோபோன்டி உலகக் குழந்தைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி தருவதாக அறிவித்தார். 2007இல் உற்பத்திக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. இந்தியா அத்திட்டத்தில் சேர மறுத்து, அதைவிட மலிவான ஒன்றைத் தானே செய்ய முனைந்தது. 2010இல் 35 டாலர் கருவியின் மாதிரி காட்டப்பட்டது. 2011 அக்டோபர் 5 அன்று 'ஆகாஷ்' பலகைக் கணினி வெளியிடப்பட்டது. அரசு அதற்குக் கொடுத்த விலை ரூ. 2,276. அதன் வேகம் 366 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 256 எம்பி. திரையோ விரலால் அழுத்தினால்தான் இயங்கும். தட்டச்சு செய்து கட்டுரை எழுதவோ பல பக்கப் பாடநூலைத் திறந்து வாசிக்கவோ அது உதவவில்லை. அடுத்த பதிப்புகள் வந்தும் திட்டம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. 35 டாலர் என்ற எண் மட்டும் செய்தித்தாள்களில் நெடுநாள் வாழ்ந்தது.

ஆகாஷ் வெளியாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இங்கே முறை வேறு. எல்காட் நிறுவனம் முதலில் கருவியின் தகுதிகளை வரையறுத்தது: முழு அளவுத் திரை, விசைப்பலகை, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு. அன்றைய கடையில் கிடைத்த சாதாரண மடிக்கணினிக்கு இது ஒன்றும் குறைந்ததன்று. தகுதியை நிலைநிறுத்திவிட்டு, இலட்சக்கணக்கில் வாங்குவதால் கிடைக்கும் பேரத்தின்மூலம் விலையைக் கீழே இறக்கினார்கள். அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களைச் சென்றடைந்தன. மேல்மூடியில் முதலமைச்சரின் படம் இருந்ததைப் பற்றிப் பேசிய அளவுக்கு, உள்ளே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லைக்கு மேற்கே உள்ள பள்ளிகளில் படித்தவர்களுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே வயதுடைய இரு பிள்ளைகளுள் ஒருவர் கையில் கணினி, மற்றவர் கையில் இல்லை.

தமிழ்நாட்டுத் திட்டத்தின் குறை வாங்கிய பிறகு வெளிப்பட்டது. கருவி மாணவரின் சொத்தாகிவிட்டதால், உத்தரவாதக் காலம் முடிந்தபின் அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. மின்கலம் சோர்ந்தபோது புதியது வாங்க இயலாத வீடுகளில் அது மின்கம்பியோடு கட்டிய பெட்டியாயிற்று.

கேரளம் வேறு பாதையில் சென்றது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், மாணவருக்குக் கருவி கொடுப்பதைவிடப் பள்ளிக்குக் கருவி கொடுப்பதில் நாட்டம் கொண்டிருந்தது. 2017இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று; 2018 சனவரியில் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டம் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியையும் ஒளிப்படக்காட்டியையும் கொண்டுசென்றது. அக்கொள்முதலில் கவனிக்கத்தக்கவை இரண்டு. கருவிகளுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் கேட்கப்பட்டது. பழுதை உரிய நாளுக்குள் நீக்காத நிறுவனத்துக்குத் தண்டத்தொகையும் விதிக்கப்பட்டது. மென்பொருள் முழுவதும் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. பழைய கருவியும் புதிய பதிப்பை ஏற்று மேலும் சில ஆண்டுகள் உழைத்தது. கணினியின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும் கணக்கு இதுவே. இந்தக் கட்டுரைக்கு உரிய பாடமும் இங்கேதான் இருக்கிறது.

பள்ளி மூடினால் அந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பதைப் பெருந்தொற்று காட்டியது. 2020 சூன் 1 முதல் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்லூரி மாணவரோ கைபேசித் திரையில் குறிப்பெடுத்தார். அதற்கு விடையாகக் குடும்பஸ்ரீயும் கேஎஸ்எஃப்இ நிறுவனமும் இணைந்து 'வித்யாஸ்ரீ' திட்டத்தைக் கொணர்ந்தன: மாதம் ரூ. 500, முப்பது தவணை, மொத்தம் ரூ. 15,000. தவணைச் சீட்டுக்குப் பழகிய கேரளக் குடும்பத்துக்கு இதைவிட இயல்பான வழி இருக்க முடியாது. எனினும் ரூ. 15,000 என்ற வரம்புக்குள் செலரான் வகைச் செயலியும் 4 ஜிபி நினைவகமுமே அடங்கின. கருவி வந்துசேரத் தாமதமானது. வந்தவற்றைப் பற்றியும் புகார்கள் எழுந்தன. தவணை முறை சரியாக இருந்தது. விலை வரம்பு முதலில் வந்ததால் கருவி பின்தங்கியது. ஆகாஷின் சிக்கல், சற்றுப் பெரிய உருவில்.

எலப்புள்ளிக்கு அருகே உள்ள கஞ்சிக்கோட்டில் இதே வரலாற்றின் இன்னொரு இழை ஓடுகிறது. 1948இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிலகம், அதாவது ஐடிஐ, 1976இல் அங்கே ஓர் ஆலையை நிறுவியது. தொலைபேசி நிலையக் கருவிகளுக்கான தேவை சுருங்கியபின் நெடுங்காலம் நலிந்திருந்த அந்த ஆலையில், அண்மை ஆண்டுகளில் 'ஸ்மாஷ்' என்ற பெயரில் மடிக்கணினியும் சிறு கணினியும் உருவாகின்றன. கைட் நிறுவனத்தின் கொள்முதலில் பன்னாட்டு நிறுவனங்களோடு போட்டியிட்டு, பள்ளிகளுக்கான ஆயிரக்கணக்கான மடிக்கணினிகளை வழங்கும் வாய்ப்பையும் அது 2023இல் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு மடிக்கணினி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்துப் பிறகு அதைத் தளர்த்தியதும் நினைவிருக்கலாம். உள்ளூர்க் கருவி என்பதற்காக ஒரு மாணவர் அதை வாங்க வேண்டியதில்லை. ஆனால் உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அருகில் ஆலை இருப்பது ஒரு விடைதான்.

இனி ஒரு குடும்பத்தின் கணக்கு. ரூ. 18,000க்கு வாங்கிய கருவி இரண்டே ஆண்டில் ஓய்ந்தால், மாதச் செலவு ரூ. 750. ரூ. 36,000க்கு வாங்கியது ஐந்தாண்டு உழைத்தால் மாதம் ரூ. 600. நான்காண்டுப் படிப்பு படிப்பவர் முதல் வகையை இருமுறை வாங்க நேரும். ஆகவே ஆயுளை நிர்ணயிப்பவற்றுக்குப் பணம் செலவிடுவது தகும். கலை, வணிகம், சமூக அறிவியல் மாணவருக்கு 8 ஜிபி நினைவகம் போதும்; பொறியியல் மாணவருக்கு 16 ஜிபி வரை தேவைப்படலாம். நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்படாமல் பின்னர் கூட்டத்தக்கதாக இருப்பது, முதலிலேயே மிகுதியாக வாங்குவதைவிட மலிவு. சேமிப்புக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி குறைந்த அளவு; 512 ஜிபி வசதி. தனி வரைகலை அட்டை பெரும்பாலோர்க்கு வீண்: எடை கூடும், மின்கலம் விரைவில் தீரும், கனமான கணிப்பைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம். சேவை நிலையம் பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறதா, மூன்றாண்டு உத்தரவாதத்துக்கு எவ்வளவு கூடுதல் என்று கேட்பது, செயலியின் தலைமுறையைக் கேட்பதற்கு நிகரான முக்கியம் உடையது.

பழைய கருவி வாங்குவதில் இழுக்கில்லை. பெருநிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வகைகள், அதே விலையில் கிடைக்கும் புதிய மலிவுக் கருவியைவிட உறுதியானவை. உதிரிப்பாகமும் எளிதில் கிடைக்கும். ஒரு தேதியை மட்டும் மறக்கலாகாது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியிலிருந்துதான். அதற்கு முந்தைய கருவிகளைச் சந்தையில் இப்போது குறைந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். பள்ளியிலேயே லினக்ஸில் பழகிய கேரள மாணவர் அவற்றைத் துணிந்து வாங்கலாம்; படிப்புக்கென்று விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் கட்டாயமாக இருந்தால் வாங்கலாகாது. கல்லூரித் துறையிடம் அதைக் கேட்டறிந்த பிறகு கடைக்குப் போவது முறை.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ பலகைக் கணினியோ தருவதாகத் தமிழ்நாடு அறிவித்து, முதற்கட்டமாக ரூ. 2,000 கோடி ஒதுக்கியது. கோயம்புத்தூர்க் கல்லூரிகளில் சேரும் எலப்புள்ளிப் பிள்ளைகள், தங்கள் கல்லூரி அத்திட்டத்தில் அடங்குமா, பிற மாநிலத்தவருக்கு அது பொருந்துமா என்பதைச் சேர்க்கையின்போதே அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதன்பின் வீட்டுப் பணத்தை எடுக்கலாம்.