கரையில் இருந்த தளபதி

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஸ்கட் மத்ரா கார்னிஷில் வழக்கம்போல குடும்பத்தோடு ஒரு நடை. துறைமுகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல் நின்றுகொண்டிருந்தது. சின்னவன் கேட்டான்: "அப்பா, நிறைய கப்பல் சேர்ந்து சண்டைக்குப் போனா எல்லாத்துக்கும் மேல ஒருத்தர் இருப்பாரே, அவர் எந்தக் கப்பல்ல இருப்பார்?"

"பெரிய கப்பல்லதான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பாதி சரி, பாதி தப்பு. பாதியை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கடலைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை, பிறந்தது கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில். எங்கள் ஊரில் கடல் கிடையாது. சயனைடு மேடுதான் எங்களுக்கு மலையும் மணல்வெளியும். ஆனால் ஆழம் உண்டு. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. தாத்தா அந்த அடியில் வேலை பார்த்தவர். அப்பா மேலே, கூண்டை இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜின் ஓட்டினார்.

அப்பாவின் வேலையில் ஒரு விசேஷம். அவர் இறக்கும் கூண்டு அவர் கண்ணில் படாது. உள்ளே யார், எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. ஒரு கொட்டகைக்குள் உட்கார்ந்து, கீழிருந்து வரும் மணியை எண்ணி லீவரை இழுக்க வேண்டும். "மணி வர்ற வரைக்கும் நானும் அவனுங்களோட கீழதான் இருப்பேன்" என்பார். 1971 வங்கப் போரின் கடற்படைக் கதையைப் படித்தபோது எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது.

அந்தப் போரில் வங்காள விரிகுடா முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919-ல் நாகர்கோவிலில் பிறந்தவர், நம்ம ஆள். இரண்டாம் உலகப் போரிலேயே வீரப் பதக்கம் வாங்கியவர். 1971-ல் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தின் தலைவர். அதாவது அவர் இருந்தது கரையில். கடலில் கிழக்குப் படையணியை நடத்தியவர் ரியர் அட்மிரல் சர்மா, ஒடிசாக்காரர், 2022-ல்தான் காலமானார். அவருடைய கொடிக்கப்பல் விக்ராந்த். அந்தக் கப்பலை ஓட்டியவர் கேப்டன் ஸ்வராஜ் பர்காஷ். ஆக, சின்னவன் கேட்ட "ஒருத்தர்" உண்மையில் ஒருத்தர் இல்லை.

விக்ராந்த் நம்முடைய ஒரே விமானந்தாங்கிக் கப்பல். ஆனால் சீக்காளி. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது. விமானம் ஏற வேண்டுமென்றால் கப்பல் காற்றை எதிர்த்து ஓட வேண்டும், அதற்கு வேகம் வேண்டும். போதாததற்கு 1965 போரின்போது இந்தக் கப்பல் பழுதுபார்ப்பில் கிடந்தது. இந்தத் தடவையும் கட்டி வைத்தால் கப்பலோடு சேர்த்து மானமும் போகும் என்று கடற்படைத் தலைவர் அட்மிரல் நந்தாவுக்கும் கிருஷ்ணனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். மூன்று பாய்லரிலேயே ஓட்டுவது என்று முடிவானது. மேற்கில் அவ்வளவு ஆபத்தை ஏற்க முடியாது என்று கிழக்கே அனுப்பினார்கள்.

பாகிஸ்தான் இதை எதிர்பார்த்திருந்தது. 1971 நவம்பர் மத்தியில் கராச்சியிலிருந்து காஸி என்ற நீர்மூழ்கி கிளம்பியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கக் கப்பல், பழைய பெயர் டயாப்லோ. அவர்களிடம் இருந்ததில் வங்காள விரிகுடா வரை வந்து திரும்பும் அளவுக்குத் தெம்பு உள்ளது அது ஒன்றுதான். அதற்கு இரை விக்ராந்த்.

இங்கேதான் கிருஷ்ணனின் வேலை தொடங்குகிறது. விக்ராந்தை ஓசைப்படாமல் அந்தமானின் வடக்கே, ஆள் நடமாட்டம் இல்லாத போர்ட் கார்ன்வாலிஸ் பக்கம் அனுப்பி ஒளித்து வைத்தார். பிறகு அது விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று ஊரை நம்பவைத்தார். எப்படி என்பதை அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ராஜ்புத் என்ற வயதான நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, பெரிய கப்பல் பேசுவது போல வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேசவைத்தார். விசாகப்பட்டினத்து ஒப்பந்ததாரர்களிடம் ஒரு பெரும்படைக்குத் தேவையான இறைச்சிக்கும் காய்கறிக்கும் ஆர்டர் போட்டார், சந்தையில் பேச்சு கசியட்டும் என்று. (அந்த பில்லை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதினார்களோ! காமர்ஸ் படித்தவன் புத்தி இப்படித்தான் போகிறது :-) ) சென்னைத் துறைமுகப் பொறுப்பதிகாரிக்கு போன் போட்டு, விக்ராந்த் வருகிறது, இடம் தயார் பண்ணுங்கள் என்றாராம். தாயாரின் உடல்நிலையை விசாரித்து விக்ராந்த் மாலுமி ஒருவர் அடிப்பது போல ஒரு தந்தியும் போனது.

படிக்கிறபோது சிரிப்பு வருகிறது. ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. இந்தப் பொய்க்கு அர்த்தம் என்ன? அந்தமானுக்குப் போக வேண்டிய ஆபத்தை விசாகப்பட்டினத்துக்கு வரவழைப்பது. விக்ராந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் பிழைக்க ராஜ்புத்தில் இருந்தவர்கள் தூண்டில் புழு. எங்கள் வங்கித் தொழிலில் ரிஸ்க்கை ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்கு மாற்றுவோம், மாற்றியதும் நிம்மதியாகத் தூங்குவோம். கிருஷ்ணன் மாற்றியதும் அதேதான், ஆனால் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முகம் இருந்தது. அதிலும் ராஜ்புத்தின் கேப்டன் இந்தர் சிங்கைக் கூப்பிட்டு நேருக்கு நேர் உட்காரவைத்து, வெளியே நீர்மூழ்கி இருக்கிறது என்றே வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

டிசம்பர் 3-ம் தேதி போர் மூண்டது. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜ்புத் கிளம்பியது. துறைமுக வாய்க்கு வெளியே, சற்று தூரத்தில் தண்ணீர் அசாதாரணமாகக் கலங்குவதைப் பார்த்து இரண்டு டெப்த் சார்ஜ் குண்டுகளைப் போட்டது. ஒன்றும் தெரியவில்லை, போய்விட்டது. சில நிமிடங்களில் கரை வீடுகளின் ஜன்னல்கள் அதிரும்படி ஒரு வெடிப்பு. மறுநாள் மீனவர்கள் கண்ட சிதறல்களைத் தொடர்ந்து முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். காஸிதான்.

ராஜ்புத்தின் குண்டா, காஸி தானே விதைத்த கண்ணிவெடியா, உள்ளேயே நடந்த விபத்தா என்று இரு நாட்டிலும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. காஸி விக்ராந்தைத் தேடி, விக்ராந்த் இல்லாத இடத்துக்கு வந்தது. அது கிருஷ்ணன் கரையிலிருந்து செய்த காரியம். மீதி கடலுக்குத் தெரியும்.

டிசம்பர் 4 காலை விக்ராந்திலிருந்து ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் பிறகு சிட்டகாங்கையும் தாக்கின. அடுத்த நாட்களில் கிழக்குப் பாகிஸ்தானுக்குக் கடல் வழியாக உள்ளே வரவும் வெளியே தப்பவும் வழி அடைபட்டது. எல்லாமே சரியாக நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். போர் முடியும் தறுவாயில் காக்ஸ் பஜார் கரையில் தரைப்படையை இறக்கப் பார்த்தது சொதப்பல், உயிரும் போனது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் நியாஸி கையெழுத்திடும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் நிற்கிறாரே, அவர்தான் கிருஷ்ணன். நம்மில் எத்தனை பேர் அந்த முகத்தை அடையாளம் சொல்வோம்?

அதே கணக்கு மேற்கில் வேறு மாதிரி முடிந்தது. டையூ பக்கம் உலவிய ஹாங்கோர் நீர்மூழ்கியைத் தேடி குக்ரியையும் கிர்பானையும் அனுப்பினார்கள். டிசம்பர் 9 இரவு குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. அனுப்பியவர்களும் கரையில் மணிக்காகக் காத்திருந்தவர்கள்தான்.

அப்பா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். காஸி மூழ்கிய செய்தி ரேடியோவில் வந்த அன்று எங்கள் லைன் வீடுகளில் ஒரே கூச்சல், மிட்டாய். தாத்தா மட்டும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "உள்ள எத்தினி பேரு?" என்று கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லை. எதிரிக்கு எதுக்குப்பா கணக்கு என்று யாரோ சொல்ல, தாத்தா பீடியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ராக் பர்ஸ்டில் சுரங்கம் மூடிக்கொண்டு, அந்தப் பக்கம் ஆட்கள் இருக்க, இந்தப் பக்கம் நின்று தட்டிப் பார்த்தவர் அவர். காஸியில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை என்று நான் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் தாத்தா போய்விட்டார்.

2009 விடுமுறையில் அப்பாவை விசாகப்பட்டினம் அழைத்துப் போனேன். அங்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் குர்சுரா என்ற நீர்மூழ்கியைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதுவும் 1971-ல் அரபிக்கடலில் ரோந்து போனதுதான். உள்ளே நுழைந்ததும் அப்பா முதலில் பார்த்தது டார்பிடோவை அல்ல, தலைக்கு மேலிருந்த வட்ட மூடியை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் வழிகாட்டியிடம் காஸி எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர் துறைமுகத்துக்கு வெளியே, பொதுவாகக் கடலைக் கைகாட்டிவிட்டு அடுத்த கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, அந்தத் திசையைப் பார்த்தபடி நின்றார். டீ ஆறிப்போகுது என்று நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.