நியாயாதிக்கம்
ஜூரிஸ்டிக்ஷன் என்னும் ஆங்கிலச் சொல், லத்தீனில் சட்டத்தைக் குறிக்கும் ‘யூஸ்’ என்பதும் உரைத்தலைக் குறிக்கும் ‘டிக்டியோ’ என்பதும் கூடிப் பிறந்ததாகலின், சட்டம் உரைக்கும் அதிகாரம் என்பதே அதன் தாதுப்பொருள். தமிழில் நியாயாதிக்கம் என்பர். அமெரிக்காவின் கீழ்ச் சமஷ்டி நீதிமன்றங்களுக்கு இவ்வதிகாரம், அரசியல் சாசனத்தின் எல்லைக்குள் காங்கிரஸ் அளித்த அளவே உண்டாதலால், சர்க்கார் தோற்றுவித்த ஸ்தாபனங்களின் வழக்குகளில் பட்டயத்தின் ஒரு சொற்றொடரே பல வேளை வழக்கின் இடத்தை நிர்ணயித்துவிடுகிறது. மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்காருக்குரியதாயிருந்த அமெரிக்க தேசிய பாங்கின் பட்டயம் சமஷ்டி நீதிமன்றத்தைப் பெயர் சொல்லிக் குறித்தமையால், 1824-இல் பிரதம நீதிபதி மார்ஷல் அவ்வதிகாரத்தை நிலைநாட்டினார். ஃபேனி மே என்னும் அடமானக் கடன் ஸ்தாபனத்தின் பட்டயமோ, மாகாணமாயினும் சமஷ்டியாயினும் ‘நியாயாதிக்கமுள்ள’ எந்த நீதிமன்றத்திலும் வழக்காடலாம் என்றதால், அவ்வாதிக்கம் வேறிடத்திலிருந்தே வரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்த்தது. சொல்லின் பொருளைச் செவ்வனே காத்த தீர்ப்பு என்பது என் துணிபு. ஒரு ஸ்தாபனத்தின் பாதிக்கு மேற்பட்ட மூலதனப் பங்கை அமெரிக்க அரசே உடையதாயின், அதன் வழக்குகளில் சமஷ்டி நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் பற்றித் தனிச் சட்டப்பிரிவு உண்டு.