புயல் கூண்டு நம்பர் ஏறினா ஆபத்தும் ஏறுதா? நாகை மாவட்டக் கடலோர மக்கள் எதைப் பார்க்கணும்?

“நாகை துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.” வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்த வரி டிவி திரையின் அடியில் அடிக்கடி ஓடும். அதைப் பார்த்ததும் வீடுகளில் கிளம்பும் பேச்சும் தெரிந்ததுதான்: “மூணு தானே! பத்து போடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.”

இப்படிக் காத்திருப்பதுதான் ஆபத்து. கூண்டு எண் பரீட்சை மார்க் மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும் கணக்கு கிடையாது. முதலில், அது வீட்டில் இருப்பவர்களுக்காக ஏற்றப்படுவதே இல்லை.

கூண்டு யாருக்கு?

கப்பல்களுக்கு. வயர்லெஸ் எல்லாம் வருவதற்கு முன்பு, கடலில் இருக்கும் மாலுமிகளுக்குத் தூரத்திலிருந்தே தெரியணும் என்பதற்காகத் துறைமுகக் கம்பத்தில் கூம்பு, உருளை வடிவக் கூடைகளை ஏற்றினார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். அதைத்தான் நாம் ‘கூண்டு’ என்கிறோம். வானிலை ஆய்வு மையம் சொல்லும் எண்ணைத் துறைமுகம் ஏற்றும்.

1-ம் எண்: தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது. 2: தொலைவில் புயலே உருவாகிவிட்டது. 3: துறைமுகத்தில் பலத்த தரைக்காற்றுடன் மழை வரலாம். 4: புயல் துறைமுகத்தைத் தாக்கும் வாய்ப்பு இருக்கிறது, ஆனால் கடைசிக்கட்ட நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு இன்னும் நிலைமை போகவில்லை. இதுவரை படிப்படியாகத்தான் போகிறது. குழப்பம் 5-லிருந்து தொடங்குகிறது.

5-க்கும் 6-க்கும் என்ன வித்தியாசம்?

5, 6, 7 மூன்றுமே ‘அபாயம்’ என்ற ஒரே வகை. புயல் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதுதான் வித்தியாசம். 5 என்றால், புயல் போகும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருக்கும். 6 என்றால் வலப்புறம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் கடக்கும். 8, 9, 10-க்கும் இதே இடது, வலது, நேர் வரிசைதான். ஆனால் வருவது தீவிரப் புயல், அதனால் ‘பெரும் அபாயம்’. அப்போ 11? பத்தை விடப் பெரிய புயல் என்று நினைக்க வேண்டாம். வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த இடது, வலது கணக்கு நாகைக்கு ரொம்ப முக்கியம். வங்கக்கடல் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். புயல் மேற்கு நோக்கி வந்து நாகைக்கு வடக்கே, கடலூர் பக்கமாகக் கடந்தால், நாகை அதன் இடப்புறம். அங்கே காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அதே புயல் நாகைக்குத் தெற்கே, வேதாரண்யம் பக்கமாகக் கடந்தால், நாகை வலப்புறம். அப்போது காற்று கடல்நீரை அப்படியே கரைக்குள் தள்ளும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரையைக் கடந்தது.

கோடியக்கரைக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. அங்கே கரை மேற்கே திரும்பி, தெற்கைப் பார்த்து நிற்கிறது. புயல் வடக்கே கடந்தாலும், காற்று தெற்கிலிருந்து திரும்பும்போது ஆழம் குறைந்த பாக் நீரிணையின் தண்ணீர் ஏறி வரலாம். “புயல் கடலூருக்குப் போயிடுச்சாம்” என்று கோடியக்கரையில் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது.

காற்றை விட தண்ணீர்தான்

புயல் என்றதும் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நாங்களும் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறோம். ஆனால் கடலோரத்தில் அதிக உயிர்களை எடுப்பது தண்ணீர்.

1977 நவம்பர் 12-ல் நாகைக்குச் சற்றுத் தெற்கே கடந்த புயலில் தமிழ்நாட்டில் சுமார் 560 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில், நவம்பர் 19-ம் தேதி, ஆந்திராவின் திவி சீமையை இன்னொரு புயல் தாக்கியது. அங்கே கடலே எழும்பி ஊருக்குள் வந்தது. பலி 10,000-ஐத் தாண்டியது.

கடல் மட்டும் இல்லை, மழையும் கவலைதான். 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கடந்த நிஷா, புயல் வகைகளிலேயே கீழ்ப்படியில் இருந்தது. காற்றை வைத்துப் பார்த்தால் ‘சாதாரணப் புயல்’. ஆனால் டெல்டாவில் அது கொட்டிய மழையிலும் வெள்ளத்திலும் தமிழ்நாட்டில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நாகை மாவட்டம் காவிரி டெல்டாவின் கடைசிப் படி. மேலே பெய்யும் மழை கடுவையாறு, வெட்டாறு போன்ற ஆறுகள் வழியாக இங்கே வந்துதான் கடலில் சேரணும். கடல் மட்டம் உயர்ந்து நிற்கும் நேரத்தில் அந்தத் தண்ணீர் வடியாது, முகத்துவாரத்திலேயே தேங்கிப் பின்வாங்கும். அதனால் கடற்கரையிலிருந்து தள்ளி, ஆற்றோரம் இருக்கும் தெருக்களும் மூழ்கும். “எங்க வீடு கடலோரம் இல்லையே” என்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

அப்போ எதைப் பார்க்கணும்?

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ஒரு வரி வரும்: வழக்கமான அலை மட்டத்தை விட இத்தனை மீட்டர் உயரத்துக்குக் கடல்நீர் எழும்பி, இந்த இந்த மாவட்டங்களின் தாழ்வான பகுதிகளுக்குள் புகலாம் என்று. காற்று வேகத்துக்கு முன்னால் அதைத் தேடிப் படியுங்க. உங்கள் மாவட்டப் பெயர் அதில் இருந்தால், கூண்டு எண் எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கான எச்சரிக்கை.

அடுத்தது மழைக்கான நிறம். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்கணும், சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்கணும். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டும் மழையைத்தான் ‘அதி கனமழை’ என்கிறார்கள். தாழ்வான தெருவில் அது வீட்டுக்குள் தண்ணீர் வரும் அளவு.

புயல் எச்சரிக்கையே கட்டம் கட்டமாகத்தான் வரும்: 72 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் மஞ்சள், 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு, கடைசி 12 மணி நேரத்தில் சிவப்பு. சிவப்பு வரும் வரை உட்கார்ந்திருந்தால், கிளம்பும்போது பஸ் ஓடாது, ரோட்டில் மரம் கிடக்கும்.

எப்போ கிளம்பணும்?

பகலில். கஜா கடந்தது நள்ளிரவு தாண்டி. 1977 புயலும் விடியும் முன்புதான் வந்தது. கரண்ட் போன பிறகு, இருட்டில், குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு தண்ணீரில் நடப்பதை நினைத்துப் பாருங்க. கஜாவுக்கு முன்பே பல மாவட்டங்களில் சேர்த்து 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போய்விட்டார்கள். அப்படியும் தமிழ்நாட்டில் 45-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் கிளம்பாமல் இருந்திருந்தால்?

பலர் முகாமுக்குப் போகத் தயங்குவது பயமில்லாததால் இல்லை. ஆடு, மாட்டை யார் பார்ப்பது, படகை என்ன செய்வது, வீட்டில் திருட்டுப் போனால்? நியாயமான கேள்விகள்தான். அதனால் மஞ்சள் வந்ததுமே மாடுகளை மேடான இடத்துக்கு ஓட்டிவிடுங்க. முடியாவிட்டால் கடைசியில் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்க. கட்டிக் கிடக்கும் மாடு தண்ணீரில் தப்பாது. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், படகுப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போடுங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். பிரசவ தேதி நெருங்கியவர்களை முதலிலேயே ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

புயலின் நடுவே திடீரென காற்று நின்றால் வெளியே வராதீங்க. அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று திரும்ப அடிக்கும்.

சுனாமிக்குக் கூண்டு கிடையாது

2004 டிசம்பர் 26 காலை 6.28-க்கு சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. நாகை கரையை அலை தொட்டது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்து. அந்த நேரம் முழுக்க இங்கே யாருக்கும் தகவல் வரவில்லை. மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். (2020-ல் தனியாகப் பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்தின் கடலோரமும் அப்போது நாகையில்தான் இருந்தது.)

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. தூரம் மாறவில்லை, அந்த இரண்டு மணி நேரச் சொச்சம் இப்போது நம் கையில் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 ரிக்டர் நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை விடுத்தார்கள், பெரிய அலை வரவில்லை. ‘சும்மா பயமுறுத்துறாங்க’ என்ற பேச்சும் வந்தது. அடுத்த முறையும் மக்கள் நகர்ந்தே ஆகணும்.

கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் மீன் பொறுக்கவோ வீடியோ எடுக்கவோ நிற்காதீங்க. கரையை விட்டு உள்ளே ஓடுங்க, வழியில்லை என்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மாடிக்கு ஏறுங்க. முதல் அலை வடிந்ததும் திரும்பி வரக் கூடாது. அலைகள் மணிக்கணக்கில் வரும், அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கலாம்.

புயல் போன பிறகு

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, போன் சார்ஜ் ஆகாது, டவரும் போய்விடும். அதனால் குடிதண்ணீரைக் குடத்தில், டிரம்மில் முன்கூட்டியே பிடித்து வையுங்க. பவர் பேங்க்கை சார்ஜ் போடுங்க, முக்கியமான நம்பர்களைப் பேப்பரில் எழுதி வையுங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, கடலில் சிக்கினால் கடலோரக் காவல்படை 1554. அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தாண்டிப் போகாமல், மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்க.

வீடு இடிந்திருந்தாலோ, படகு, தென்னை, பயிர் சேதமாகியிருந்தாலோ சுத்தம் செய்வதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்க. வி.ஏ.ஓ. கணக்கெடுக்க வரும்போது காட்ட அது வேண்டும்.