வீடா, சானடோரியமா? சென்னைக் காசநோய் ஒப்பீட்டாய்வும் அதன் தொடர்ச்சியும்

நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே காசநோய்க்கு மருந்து என்று நம்பிய காலத்தில், 1928இல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரையே தாங்கி நிற்கிறது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் (PAS) என்ற மருந்துகள் வந்தன. 1952இல் ஐசோனியசிட் சேர்ந்தது. கிருமியைக் கொல்ல மருந்து கிடைத்துவிட்ட பிறகும் நோயாளி மாதக்கணக்கில் மருத்துவமனையில் படுத்திருக்கத்தான் வேண்டுமா? நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில் மட்டும் என்றிருந்த இந்தியாவுக்கு இது உயிர்க் கேள்வி.

விடை தேடி 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் உருவானது. மாநில அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்தன. ஆய்வை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினருக்கு வீட்டில் சிகிச்சை, மற்றவர்களுக்குச் சானடோரியத்தில். ஐசோனியசிட், பாஸ் கூட்டு மருந்து இரு பிரிவினருக்கும் ஓராண்டு தரப்பட்டது.

வீட்டில் இருந்தவர்களின் நிலை எல்லா வகையிலும் தாழ்ந்தது. நெரிசலான வீடு, குறைந்த உணவு, ஓய்வில்லாத உழைப்பு. ஆனாலும் ஓராண்டு முடிவில் அவர்களில் 86 விழுக்காட்டினரிடமும், சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரிடமும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பில் இந்த விகிதம் முறையே 90, 89 என்று ஆனது. வீட்டு நோயாளிகளின் குடும்பத்தினருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பெரும்பாலான தொற்று நிகழ்ந்துவிடுகிறது, மருந்து தொடங்கியபின் அபாயம் வேகமாகக் குறைகிறது.

1959இல் வெளியான ஓராண்டு முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. ஆனால் அதில் பாதியைத்தான் நாம் படித்தோம் என்பது என் கணிப்பு. வீட்டு நோயாளிகள் மாத்திரையோடு தனியே விடப்படவில்லை. முன்னறிவிப்பின்றி ஊழியர்கள் வீடு தேடிச் சென்றார்கள், மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்தின் தடயம் பார்த்தார்கள். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று குடும்பத்துக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. வெற்றியில் மருந்துக்கு இருந்த பங்கு இந்த உழைப்புக்கும் உண்டு. 1962இல் தொடங்கிய தேசியத் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நாடெங்கும் கொண்டுபோனது. இந்தக் கண்காணிப்பைக் கொண்டுபோகவில்லை. நடுவழியில் மருந்தை விட்டவர்கள் ஏராளம். வாரம் இருமுறை, ஊழியர் கண்முன்னே மருந்து என்று 1960களில் இதே மையம் சோதித்த முறை, நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையாக அரசுத் திட்டத்தில் விரிவடைய 1990களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உணவு பற்றிய செய்தியும் இப்படித்தான் சுருங்கியது. குணமாக உணவு தீர்மானமான காரணி அல்ல என்று சென்னை ஆய்வு காட்டியது. ஆனால் நோய் வராமல் தடுப்பது வேறு கேள்வி. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் தரப்பட்டன; அவர்களிடையே புதிய காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்குகொண்டது.

காசநோய்த் திட்டத்துக்கு நிதி ஒதுக்குவோர் மருந்துச் செலவோடு, வீடு தேடிச் செல்லும் ஊழியரின் சம்பளத்தையும் அந்த வீட்டின் அரிசி, பருப்பையும் சிகிச்சைக் கணக்கிலேயே எழுத வேண்டும்.